ஆறு இன்ஜெக்டர்களும் ஒரு நாற்காலியும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வாயைப் பிளந்து படுத்திருந்தபோது கிடைத்தது. என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, பல் டாக்டர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பழுதுபார்த்த கதையைச் சொன்னார். நான் இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டேன். இரண்டுமே "ஆ" என்றுதான் வெளியே வந்தன. வலிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு ஊசி போட்டார். ஆகவே தகவல் பிழை இருந்தால் நான் பொறுப்பல்ல, என் நாக்குதான் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: சிவப்புக் காற்றைப் போல அந்த வண்டி...

(அடித்துவிட்டேன். பதினோரு வருடமாக அது ஷெட்டை விட்டு வாசல்வரைகூட ஒழுங்காக வந்ததில்லை. காற்றாவது, கத்தரிக்காயாவது.)

இரண்டாவது தொடக்கம்: கிளினிக்கில் இருப்பது ஒரே நாற்காலி. காலையில் அதில் டாக்டர் பல் பிடுங்குவார். மாலையில் அவர் மனைவி கோணல் பற்களுக்குக் கம்பி கட்டுவார். வரும் பிள்ளைகள் வைத்த பெயர் கம்பி டாக்டர். பக்கத்து ஷெட்டில் தனக்கென்று ஒரு நாற்காலி போட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அந்த ஷெட்டில்தான் கார் நிற்கிறது.

"ஞாயித்துக்கிழமை அது ஊரை ஒரு சுத்து சுத்தி வரட்டும், அப்புறம் இதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா ஷெட் எனக்கு" என்று கணவரிடம் சொல்லிவிட்டார்.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

வண்டி மிஸ் அடித்தது. அதாவது நாலடி ஓடும், விக்கும், நின்றுவிடும். மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார்: "ஆறு இன்ஜெக்டரும் அடைச்சிருக்கும் சார்.* கழட்டி மெஷின்ல போட்டுக் கழுவணும். என்கிட்ட அந்த மெஷின் இல்ல."

(*இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தூறலாகப் பீய்ச்சும் விரலளவுக் குழல். அடைத்துக்கொண்டால் தூறாது, சொட்டும்.)

டாக்டரிடம் இருந்தது! பல் கருவிகளைத் தண்ணீரில் அதிரவைத்துக் கழுவும் தொட்டி. சனிக்கிழமை மதியம் கிளினிக்கைச் சாத்திக்கொண்டு ஆறையும் அதில் போட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் பீய்ச்சவைத்து, நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் டம்ளர்கள் ஆறில் பிடித்துப் பார்த்தார். ஆறிலும் பெட்ரோல் ஒரே மட்டம். (அந்த டம்ளர்களைப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் என் இரண்டாவது "ஆ".)

திரும்ப மாட்டும்போது பார்த்தால், இன்ஜெக்டரைச் சுற்றி ஒழுகாமல் பிடிக்கும் வளையங்கள் எல்லாம் வெடித்துப் போயிருந்தன. இந்தக் காலத்தில் இந்த வண்டிக்கு வளையம் எங்கே கிடைக்கப்போகிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மனைவியின் டிராயரைத் திறந்தார். பல் கம்பியில் மாட்டும் குட்டி ரப்பர் வளையங்கள் பாக்கெட் பாக்கெட்டாக இருந்தன. ஒன்றுக்கு நாலாகச் சுற்றி மாட்டினார்.

"மெக்கானிக்குக்கு இந்த மூளை வருமா சொல்லுங்க?" என்றார் என்னிடம். நான் சொல்லும் நிலையில் இல்லை.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியதாம். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வந்தாராம். அந்தச் சந்தோஷத்தில் என் பல்லைக் கொஞ்சம் ஆழமாகவே குடைந்துவிட்டார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் ஒரு ரப்பர் வளையத்தைப் பெட்ரோலில் போட்டுப் பார்த்தேன். ஊறிப் பருத்து, தொட்டதும் பிய்ந்தது. அப்படியென்றால் வண்டி எப்படி ஓடியது?

மாற்று முடிவு (அ): வண்டி நடுரோட்டில் தீப்பிடிக்கிறது. (வேண்டாம். எனக்கு இன்னொரு தடவை பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது.)

மாற்று முடிவு (ஆ): பாதி வழியில் வண்டி நிற்க, கம்பி டாக்டர் உர்ரென்ற முகத்தோடு இறங்கி

(இதுவும் சரியில்லை. ஷெட் கேட்கிற மனைவியைச் சிடுமூஞ்சியாக எழுதுவது ரொம்பச் சுலபம். இவ்வளவு சுலபமாக வந்தால் நான் எங்கோ பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.)

5

அடுத்த முறை தெரியாமல் மாலையில் போய்விட்டேன். நாற்காலியில் அது கம்பி டாக்டருடைய முறை. இந்தக் கதையை எழுதிவைத்து நான் கையில் கொண்டுபோயிருந்த நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார். ரப்பர் வளையம் வந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

"பத்து நிமிஷத்துல ஒழுகியிருக்கும். சூடான எஞ்சின் மேல பெட்ரோல்! நினைச்சாலே பகீர்ங்குது."

"அப்புறம் எப்படிங்க ஓடுச்சு?"

"டிராயர்ல ஒரு பாக்கெட் காணோம்னதும் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அன்னிக்குச் சாயந்தரமே மெக்கானிக்கைக் கேட்டு சரியான வளையம் வாங்கிட்டேன். முதல் கடையிலயே கிடைச்சுது. காலைல அவர் குளிக்கப் போனதும் மாத்திட்டேன். அவர் குளிச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். தினம் பல்லு பல்லா கம்பி மாத்துற கைக்கு இது ஒரு வேலையா?"

"மாத்தாம, ஓட்ட வேண்டாம்னு மட்டும் சொல்லியிருந்தா ஷெட் உங்களுக்கு வந்திருக்குமே?"

"வந்திருக்கும். இவர் மூஞ்சி தொங்கிப் போயிருக்கும். அதைப் பார்த்துக்கிட்டு அங்க எப்படிங்க உட்கார்ந்து வேலை செய்யறது?"

"உர்ரென்ற" என்ற சொல்லை அவர் கண்முன்னாலேயே அடித்தேன்.

"அவர்கிட்ட சொல்லலையா?"

"வாயே திறக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே. நீங்க எழுதுங்க. அவர் வண்டியைப் பத்தின கதைன்னா ஒரு எழுத்து விடாம படிப்பார்."

6

ஆகவே மற்ற வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போக மனமில்லாதவர்கள் சத்தம் போடாமல் நில்லுங்கள்.

டாக்டர், இது உங்களுக்கு. இப்போது வண்டியில் இருப்பவை நீங்கள் மாட்டிய வளையங்கள் இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் பானெட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவர், தன் நாற்காலியைத் தானே கைகழுவிவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தார்.

முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் உங்களை நல்லவராக்கிவிட்டேன். அதை நான் செய்து என்ன பயன்? கடைசி வாக்கியத்தைப் பாதியோடு உங்களிடம் தருகிறேன்:

இதைப் படித்த அன்று மாலை ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு, டாக்டர் தன் மனைவியிடம் போய்