டாக்டர் சொல்லாத வரிகள்

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மேகலா தட்டி முடித்துவிடுவாள் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அதில் பாதி நிஜம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததையெல்லாம் குரல் பதிவாகப் பேசி அனுப்புவார்கள். இங்கே பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அதை அறிக்கையாகத் தட்டி அனுப்புவார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். ஒருத்தி ஒரு நாளில் எத்தனை வரி தட்டினாள் என்பதில்தான் அங்கே மானம் மரியாதை எல்லாம். அந்த விஷயத்தில் மேகலாவை அசைக்க ஆள் கிடையாது.

வேகம் விரலில் மட்டும் இல்லை. அவள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த ஷார்ட்கட்டுகளில் இருந்தது. இரண்டு எழுத்தைத் தட்டினால் ஒரு முழுப் பத்தி வந்து உட்காரும். 'மற்ற பரிசோதனையெல்லாம் வழக்கம்போல' என்று டாக்டர் அவசரமாக முடித்தாரென்றால் மேகலா அந்த இரண்டு எழுத்தைத் தட்டுவாள். கழுத்தில் கட்டி இல்லை, இருதய ஒலி சீராக உள்ளது, இரு கண்மணிகளும் சமமாக உள்ளன, வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றன, இரு பாதங்களிலும் நாடித் துடிப்பு நன்றாக உள்ளது என்று ஆங்கிலத்தில் மளமளவென்று வந்து விழும். அந்த மனிதருக்கு இரண்டு பாதம் இருக்கிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. டாக்டர் சொல்லாததை எழுதக் கூடாது என்று ஆபீஸ் விதிகளின் முதல் பக்கத்திலேயே இருந்தது. பயிற்சியின் முதல் நாள் எல்லோரும் படித்துவிட்டு மறந்த பக்கம் அது.

ஆஷிகா மறக்கவில்லை. கூத்தாநல்லூர்ப் பெண். அவள் அத்தா மலேசியாவிலிருந்து உடம்பு முடியாமல் திரும்பி வந்த வருஷம் அது. வீட்டில் சம்பாதிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். தினமும் பஸ் மாறி வந்து, ஆமை வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதை மட்டும் தட்டுவாள். காதில் சரியாக விழாத இடத்தைக் காலியாக விட்டுக் குறிப்புப் போடுவாள். பொறுப்பாளர் ரெமிஜியஸ் அவளை மேகலாவிடம் ஒப்படைத்தார். மேகலாவும் கஞ்சத்தனம் இல்லாமல் தன் ஷார்ட்கட்டுகளை அப்படியே அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, டாக்டர் கண்ணப் பத்தி ஒரு வார்த்தகூடப் பேசலையே. நாம எதுக்கு எழுதணும்?"

"வழக்கம்போலன்னு சொன்னாருல்ல? அப்ப நார்மல்னு அர்த்தம்."

"பார்த்துட்டுச் சொன்னாரா, பார்க்காம சொன்னாரான்னு நமக்குத் தெரியாதேக்கா. அவர் சொன்னபடி 'வழக்கம்போல'ன்னே தட்டிடவா?"

"தட்டும்மா. தட்டிட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பு" என்றாள் மேகலா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆஷிகாவும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்த இரண்டு எழுத்தை மட்டும் அவள் தட்டவே இல்லை.

சோதனைக் காலம் முடியும்போது ரெமிஜியஸ் மேகலாவைக் கூப்பிட்டார். "நீங்கதான் பக்கத்துல இருந்து பார்த்தீங்க. அந்தப் பொண்ணு தேறுமா, சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

"நல்ல பொண்ணு சார். ஆனா வேகம் வராது. எதைக் கொடுத்தாலும் கேள்வி கேக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லும்போதே அந்த வீட்டு நிலைமை அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் இத்தனை நாளும் ஒரு சின்னப் பெண் எதிரே உட்கார்ந்து தன் வேலையைக் குறை சொன்னது போன்ற ஓர் எரிச்சல் உள்ளே இருந்தது, அதுதான் பேசியது. வெள்ளிக்கிழமை ஆஷிகாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் "போயிட்டு வரேன்க்கா" என்று வழக்கமான குரலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். மேகலா ஹெட்போனைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வாரம் குடவாசல் பக்கத்து ஊரில் மேகலாவின் அப்பா வைத்தியலிங்கம், நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போனவர், மதகடியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். "ஒண்ணும் பயமில்ல, நீ லீவு போட்டுக்கிட்டு ஓடி வராத" என்று அம்மா விஜயலட்சுமி போனில் சொன்னாள். மேகலாவும் போகவில்லை. மாதக் கடைசி, வரிகள் முடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பாவுக்குப் பேச்சு குழறியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. காரில் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். மேகலா ஆபீசிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அம்மா கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைக் கையில் வாங்கியிருந்தாள்.

"தலையத் தெறக்கணுங்கிறாங்கடி" என்றாள் அம்மா.

டாக்டர் அவசரத்திலும் மேகலாவிடம் நிதானமாகத்தான் சொன்னார். "ஸ்கேன்ல ரத்தக் கசிவு கொஞ்சம்தாங்க இருக்கு. ஆனா வலது கண்ணு வெளிச்சத்துக்குச் சுருங்கவே இல்ல. நேத்து அந்த ஆஸ்பத்திரி குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரில ரெண்டு கண்ணும் நார்மல்னு இருக்கு. அப்ப ஒரே நாள்ல மூளையில அழுத்தம் ஏறியிருக்குன்னு அர்த்தம். ரத்தம் இளக்குற மாத்திரை வேற சாப்பிடுறாரு, ஆபரேஷனும் ஆபத்துதான். ஆனா பொறுத்துப் பார்க்க நேரமில்ல."

மேகலா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கழுத்தில் கட்டி இல்லை. இருதய ஒலி சீராக உள்ளது. இரு கண்மணிகளும் சமமாக உள்ளன, வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றன. அவளுடைய பத்தி. அவள் தட்டியது அல்ல, அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் போலவே வேகமான ஒரு கை தட்டியது. ஆனாலும் வரிக்கு வரி அவளுடையது.

அப்பாவுக்கு வலது கண் கிடையாது. அவர் கல்யாணத்துக்கு முன்பே, ஒரு அறுவடையில் கதிரடிக்கும்போது நெல் தெறித்துக் குத்தி, யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பால் விட்டுப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சீழ் வைத்து, கண்ணையே எடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பது செயற்கைக் கண். நிறமும் அளவும் அவ்வளவு பொருத்தமாக வைத்திருந்தார்கள், அவருடைய மாமனார் வீட்டாருக்கே வெகுநாள் தெரியாது. அம்மாவிடம் தலையைத் திறக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். கண்ணைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"டாக்டர், அது கண்ணே இல்ல! வச்ச கண்ணு! எங்கப்பாவுக்கு அந்தக் கண்ணு போயி நாப்பது வருஷமாச்சு!"

மேகலா போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டாக்டர் உள்ளே ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

"நானும் இன்னும் நல்லாப் பார்த்திருக்கணும்" என்று ஒப்புக்கொண்டார். "இடது கண்ணு ஒழுங்கா இருக்கு. இப்போதைக்குத் தெறக்க வேண்டாம், மருந்து குடுத்துப் பக்கத்துலயே வச்சுப் பார்ப்போம்." பிறகு அந்தத் தாளை மேகலாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இத எழுதினவங்க இவர் மூஞ்சியையாவது பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

அது அவளைக் கேட்ட கேள்வி இல்லை. ஆனாலும் மேகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். கசிவு தானாக வற்றியது. நாக்கு மட்டும் சில சொற்களில் இன்னும் தடுக்குகிறது. அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மேகலா ஆபீசுக்கு வந்து, நேராக ரெமிஜியஸ் முன்னால் நின்றாள். ஆஷிகாவைப் பற்றித் தான் சொன்னது தப்பு, அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும், தன் ஷார்ட்கட்டை இனி யாரும் தொடக் கூடாது என்றாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றார் ரெமிஜியஸ். "வேகமும் வேணும், விதியும் வேணும்னு மேல இருக்கறவங்க கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணா வராது மேகலா. சரி, கூப்பிட்டுப் பாருங்க. வேகம் கொறைஞ்சா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூருக்குப் போனாள். ஆஷிகாவின் அம்மா "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டு டீ கொண்டுவந்து வைத்தார். உள்ளறையில் அத்தா இருமுவது கேட்டது. மேகலா எதையும் மறைக்கவில்லை. ரெமிஜியஸிடம் தான் சொன்னதையும், அப்பாவுக்கு நடந்ததையும் ஒன்று விடாமல் சொல்லி, "என்னை மன்னிச்சுடு. திரும்ப வந்துடும்மா" என்றாள்.

ஆஷிகா கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பா இப்ப நல்லாச் சாப்புடுறாங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். வேலை வேண்டும், வருகிறேன் என்றாள். பிறகு துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? அப்பாவுக்கு நீங்க ஓடி வந்து சொல்லிட்டீங்க. இத்தன வருஷமா நீங்க அந்தப் பத்தியைப் போட்டு அனுப்பினீங்களே, அவங்களுக்கெல்லாம் யாரு ஓடி வந்து சொல்லியிருப்பா?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மேகலா டீயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தான் தட்டி அனுப்பியவர்களில் ஒருவர் பெயரையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். எத்தனையோ ஆணும் பெண்ணும், எத்தனையோ ஊர். ஒரு பெயர்கூட வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட வராத அழுகை அப்போதுதான் வந்தது. முன்பின் தெரியாத அந்த வீட்டுக் கூடத்தில், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் ஓவென்று அழுதாள்.