இயல்பு என்று எழுதிய படம்

நியூசிலாந்தின் தென்கோடியில், பிளஃப் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஸ்கேன் நிலையம். அங்கே படம் பார்க்கும் அறைச் சுவரில் மூளையின் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படம் ஒன்று ஒன்பது வருடமாக ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'இயல்பு' என்று இருக்கும். யாருடைய தலை என்று இருக்காது. பயிற்சிக்கு வருகிற டாக்டர் எவராக இருந்தாலும் முதல் வாரம் அதன் முன்னால் நின்றுதான் ஆகவேண்டும். கழுத்து வழியே முன்பக்கம் ஏறும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள், பின்பக்கம் ஏறி ஒன்றாகச் சேரும் இரண்டு சிறியவை, மூளைக்கு அடியில் எல்லாம் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். நல்லது எப்படி இருக்கும் என்று மனதில் பதிந்தால்தானே கெட்டது கண்ணில் படும்.

அந்தத் தலை பெனினாவுடையது. அவள்தான் அங்கே ஸ்கேன் எடுப்பவள். இயந்திரம் வந்து இறங்கிய நாளில், நோயாளியை ஏற்றுமுன் யாராவது படுத்துப் பார்க்கவேண்டும் என்றார் அதைப் பூட்டவந்த பொறியாளர். "சமோவாத் தீவு மண்டை, லேசுல உடையாது" என்று சொல்லிப் படுத்தாள். படம் பளிங்குபோல வந்தது. அவர் பெயரை அழித்து 'இயல்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நோயே இல்லாதவளின் படத்தை எவர் உட்கார்ந்து நோய் தேடி வாசிப்பார்? எவரும் வாசிக்கவில்லை. தன் தலைக்கு முன்னால் டாக்டர்கள் கைகட்டி நிற்பதைப் பார்த்துப் பெனினா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்காகவே ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீர் நேரம். பெனினா தட்டு நிறைய சீஸ் ரோல் சூடாக்கி எடுத்து வந்தாள். பயிற்சிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நைரி, பக்கத்துக் கோர் ஊர்ப் பெண், கணினித் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரோல் ஆறுது. தின்னுட்டு அப்புறம் படிக்கலாம்" என்றார் பெரிய டாக்டர் கில்லெஸ்பி.

"சுவத்துல இருக்கறது தட்டையா இருக்கு டாக்டர். அதோட மூலப் படத்தைத் தேடி எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்தேன். இது என்னன்னு சொல்லுங்க."

கில்லெஸ்பி கோப்பையோடு குனிந்தார். நேராகப் பார்க்கும்போது முன்குழாயின் வளைவு ஒன்று மறைத்துக்கொண்டிருந்த இடம் அது. பக்கவாட்டில் திருப்பியதும், இரண்டு முன்குழாய்களையும் இணைக்கும் சின்னப் பாலத்தில் மிளகளவுக்கு உருண்டையாக ஒன்று தொங்கியது.

"வீக்கம்" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "குழாய்ச் சுவர் இளைச்சு ஊதியிருக்கு. பதினேழு பேரு இதைப் பாத்துப் படிச்சுட்டுப் போயிருக்காங்க. அதுல ஒருத்தன் மெல்போர்ன்ல பேராசிரியர் வேற."

"நேத்து நீங்கதான் இதை வச்சு எனக்குப் பாடம் நடத்துனீங்க."

"ஞாபகப்படுத்தாத தாயே."

"யாரோட தலை?"

"பேரு இல்லையே. எவனோ ஒரு அப்பாவி. ஒன்பது வருஷம் ஆச்சு. இந்நேரம் வெடிச்சுப் போய்ச் சேர்ந்திருப்பான்."

"வெடிக்கல" என்றாள் பெனினா.

இருவரும் திரும்பினார்கள்.

"இன்னும் வெடிக்கல. யாருக்கு ரோல் வேணும்?"

தட்டை நீட்டியபடியே நின்றாள். நைரிக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, உக்காருங்க" என்றாள்.

"விளையாடாத பெனினா" என்றார் கில்லெஸ்பி.

"மெஷின் வந்த அன்னிக்கு நான்தான் படுத்தேன். கேட்டுப் பாருங்க அந்த இன்ஜினியரை."

பெனினாவுக்கு நாற்பத்தேழு வயது. அவளுடைய அம்மா நாற்பத்தொன்பதில், தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தவள். வெயில் தாக்கிவிட்டது என்று சொல்லிப் புதைத்தார்கள். பெனினாவும் வெயில் என்றுதான் நம்பியிருந்தாள், இந்த நிமிடம் வரைக்கும்.

உடனே அவளை இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். தட்தட்டென்று அடிக்கும் அந்தச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி பழகினது. இன்று ஒவ்வொரு அடியும் உச்சந்தலையில் விழுந்தது. பிறகு நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பேச்சில்லை.

அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் நன்றாக இருந்தால் உடனே ஒலிபெருக்கியில் ஊர்க்கதை பேசி ஆளை வெளியே இழுத்துவிடுவார்கள். ஏதாவது கெட்டது கண்ணில் பட்டுவிட்டால் குரலை வெண்ணெய்போல ஆக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார்கள். நூற்றுக்கணக்கான பேருக்குப் பெனினாவே அதைச் சொல்லியிருக்கிறாள். ஒருவரும் அர்த்தம் கண்டுபிடித்ததில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆன்ட்டி, இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துக்கறோம், சரியா?"

அவள் சொல்லும் அதே வார்த்தை. பெனினா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே இழுத்தபோது கில்லெஸ்பி பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்போ நாலு மில்லிமீட்டர். இப்போ ஒன்பது. டுனிடின் பெரிய ஆஸ்பத்திரில பேசிட்டேன், இன்னிக்கே விமானம். குனியாத, எதையும் தூக்காத."

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே."

"தெரியும்."

"வர்ற புள்ளைங்களுக்கெல்லாம் அந்த இடத்துலதான் விரல் வச்சுக் காட்டுவேன். இதுதான் பாலம்னு. என் விரலுக்கு அடியிலயே இருந்திருக்கு."

வெளி அறைக்கு வந்ததும் நைரி கைபேசியைக் கொடுத்தாள். உருக்காலையில் வேலை செய்யும் கணவன் மத்தாயோ, மூன்றாவது தடவை மணி அடித்ததும் எடுத்தான்.

"என்ன, சாப்பாட்டு டப்பாவ வச்சிட்டுப் போயிட்டியா?"

பெனினா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மத்தாயோ, சாயங்காலம் என்னைக் கூப்பிட வராத."

"ஏன், நடந்து வரப்போறியா? வெளிய அடிக்கற காத்தைப் பாத்தியா நீ?"

"சாயங்காலம் வேண்டாம்" என்றாள். "இப்ப வா."

மறுமுனையில் வண்டிச் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.