கயிறு கட்டாத வண்டி

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கிழடுதட்டிப் போன பஸ் அது. அதை ஓட்டியவளே கடைசியில் அதை விலைக்கு வாங்கினாள். அவள் கணவன் தச்சன். இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்பக்கம் கட்டில், நடுவில் அடுப்புமேடை, ஜன்னலோரம் மடக்குமேஜை, அதற்குக் கீழே இழுப்பறை என்று ஒரு முழு வீட்டையே உள்ளே செருகிவிட்டான். இழுப்பறையை இழுத்தால் உளி, ரம்பம், இழைப்புளி. கட்டிலைத் தூக்கினால் பலகைகள். நாலு மனிதர்கள் வந்தால் மூன்று பேர் உட்காரலாம், ஒருவர் வாசல் படியில் நின்று நலம் விசாரிக்கலாம்.

இவ்வளவும் எதற்கென்றால், கட்டடம் எழும்பும் ஊர்களுக்கெல்லாம் அவன் வேலைக்குப் போய்விடுவான். மாதக்கணக்கில் வரமாட்டான். அவள் இங்கே மாமனாரின் எண்ணெய்க் கடைக்கு மேல் மாடியில், கீழேயிருந்து வரும் பிண்ணாக்கு வாசனையோடு குடித்தனம் நடத்துவாள். கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களைவிடத் தொலைபேசியில் பேசிய நாட்கள்தான் அதிகம். "இனிமே நீ போற ஊருக்கு வீடும் வரும், நானும் வருவேன்" என்று அவள் சொன்னதும் அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினான்.

பணத்துக்கு மாமனாரிடம்தான் போனார்கள். அவர் கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்தவர். செக்கில் ஆடுகிற எண்ணெயையும் எதிரில் நிற்கிற ஆளையும் ஒரே பார்வையில் எடை போடுவார். பணம் கொடுத்தார். கூடவே நிபந்தனையும் கொடுத்தார்.

"தானா ஓடுற வரைக்கும் அது வண்டி. என்னைக்கு இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுக்குதோ, அன்னைக்கு அது பழைய இரும்பு. வித்துடணும். சரியாம்மா?"

"சரி மாமா."

"அப்புறம் அழக் கூடாது."

"நீங்களும் அழக் கூடாது" என்றாள் மருமகள்.

முதல் பயணத்துக்கு அவரும் கிளம்பிவிட்டார். போட்ட முதல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா? மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் மகனுக்கு வேலை. மறுநாள் காலையில் அங்கே நிற்க வேண்டும்.

சமவெளியில் பஸ் சமர்த்தாகத்தான் ஓடியது. ஏற்றம் தொடங்கியதும் இழுவை குறைந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் மூச்சு வாங்கியது, இருமியது, நின்றது. அவள் கைப்பிரேக்கை இழுத்தாள், சக்கரத்துக்குக் கீழே கட்டை போடச் சொன்னாள். டீசல் வடிகட்டியைக் கழற்றிப் புதியது மாட்டினாள். குழாயில் இருந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்றினாள். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி கைப்பம்பு, மறுபடி கிளம்பல், மறுபடி நிற்றல். ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருகித் திருகி பேட்டரியும் சோர்ந்துகொண்டே வந்தது.

மாமனார் படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். "வயசான மாடும்மா. ஏத்தத்துல இழுக்காது."

"மாடு இல்ல மாமா. என்ஜின் நல்லாத்தான் இருக்கு. டீசல் வந்து சேரல. ஏன்னுதான் தெரியல."

"தெரிஞ்சவன் ஒருத்தன் வர்றான்."

"யாரு?"

"கீழ ஒரு வண்டி தூக்கற ஆள் போர்டு போட்டிருந்தான். நம்பர் எடுத்து வெச்சிருந்தேன். சும்மா விலை விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

தச்சன் நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, நீங்க சும்மா விலை விசாரிச்ச எதையாவது வாங்காம வந்திருக்கீங்களா?"

சொல்லி வாய் மூடவில்லை, தலையில் மஞ்சள் விளக்கு சுழல ஒரு சின்ன லாரி வந்து நின்றது. இறங்கியவன் பஸ்ஸைச் சுற்றி வந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தான். தட்டிய விதம் வைத்தியன் தட்டுகிற மாதிரி இல்லை, பழைய பாத்திரம் வாங்குகிறவன் தட்டுகிற மாதிரி இருந்தது.

"மலையடிவாரத்துல நம்ம மச்சான் இரும்புக் கடை வெச்சிருக்காரு. இழுத்துட்டுப் போய் அங்கயே விட்டுடலாம் ஐயா. நல்ல விலை போட்டுத் தரச் சொல்றேன்."

"கட்டிலு, மேஜையெல்லாம் தேக்கு" என்றார் மாமனார். வாய் தானாகவே வியாபாரம் பேசத் தொடங்கிவிட்டது.

"அப்பா!"

"ஏன்டா, விலை கேட்டா வித்துட்டதா அர்த்தமா?"

மருமகள் இருவரையும் கவனிக்கவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீசல் போட்ட உடனே பஸ் பறந்தது. நடுவழியில் இன்னும் கொஞ்சம் போட்டார்கள், மறுபடி நன்றாக ஓடியது. டேங்க்கில் நிறையவே இருக்கிறது. ஆனால் மூடி திறந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வருகிறது. அவள் சட்டென்று எழுந்தாள்.

"மாமா, டேங்க் சாவிய குடுங்க."

டீசல் திருட்டுக்குப் பயந்து அவர் சாவியை இடுப்பிலேயே முடிந்துவைத்திருந்தார். அவிழ்த்துக் கொடுத்தார். மூடியைத் திருகியதும் டேங்க் 'உஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. நீருக்குள் மூழ்கி எழுந்தவன் மூச்சு இழுப்பது போல.

அவள் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். நடுவில், காற்று போவதற்காக விட்டிருந்த சின்ன ஓட்டையில், சாம்பல் நிறப் பசை கல்லாக இறுகியிருந்தது. விரல் அழுத்தி வழித்துவிட்ட தடம்கூட அப்படியே இருந்தது.

"இத யாரு அடைச்சது?"

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"ஓட்டை இருந்துச்சும்மா."

"மாமா, அது வெச்ச ஓட்டை. டீசல் என்ஜினுக்குப் போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலன்னா டேங்க் டீசலை விடாது."

"எனக்கென்ன தெரியும்? என் கடையில ஒரு டின்ல ஓட்டை இருந்தா நான் தூங்கவே மாட்டேன். புது முதல் போட்டிருக்கோம், சொட்டுச் சொட்டா ஆவியாப் போயிடுமேன்னு நானே பார்த்துப் பார்த்து அடைச்சேன்."

தச்சனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உளியை எடுத்துவந்து பசையைக் கொத்தி எடுத்தான். அவள் கடைசி முறையாகக் காற்றை வெளியேற்றிவிட்டு வந்து சாவியைத் திருகினாள். 'டிக்' என்றது. அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது.

"நம்ம லாரி பேட்டரி சின்னது, இவ்வளவு பெரிய என்ஜினைச் சுத்தாது" என்றான் லாரிக்காரன். "கயிறு போட்டு நாலடி இழுத்தா தானா புடிச்சுக்கும்."

மாமனார் மருமகளை நெருங்கி, குரலைத் தாழ்த்தினார். "தப்பு என்னோடது. இந்தக் கயிறு அந்தப் பேச்சுல சேராது. நானே சொல்றேன், கட்டிக்கோ."

"வேணாம் மாமா."

"நான்தானே சொல்றேன்?"

"இன்னைக்கு சேராதும்பீங்க. ஊருக்குப் போய் கடையில நாலு பேரு உக்காந்திருக்கும்போது, கயிறு கட்டி ஏத்தின வண்டிதானேம்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

தன்னை இவ்வளவு சரியாக எடை போட்ட ஆளைக் கடைவீதியில்கூட அவர் பார்த்ததில்லை.

"பின்ன என்ன செய்யப் போற?"

"பின்னால உருட்டி ஸ்டார்ட் எடுக்கப் போறேன்."

பின்னால் நேரான சரிவு ஒன்று இருந்தது. அதன் முடிவில் வளைவு, வளைவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் வானம். அந்த பஸ்ஸின் பிரேக் காற்றில் வேலை செய்வது. என்ஜின் ஓடினால்தான் காற்று ஊறும். இப்போது மீதமிருந்த காற்று இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதை அவள் சொன்னாள், மறைக்கவில்லை. லாரிக்காரன் தன் லாரியை வளைவுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தி, கீழிருந்து வருகிற வண்டிகளைத் தடுத்தான்.

தச்சன் பின்பக்கம், அவள் கண்ணாடியில் தெரிகிற ஓரத்தில் நின்றான். மாமனார் கையில் கட்டை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

"ரைட்! ரைட்!" என்று தச்சன் கையசைத்தான்.

பஸ் பின்னோக்கி ஊர்ந்தது. வேகம் கூடியது. ரிவர்ஸ் கியரில் இருந்தபடி கிளட்சை விட்டாள். பஸ் முழுவதும் குலுங்கியது, உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது, புகை ஒரு கொத்து வந்தது. என்ஜின் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தாள். புஸ்ஸென்று காற்று வெளியேற பஸ் நின்றது. மாமனார் ஓடிவந்து கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். காற்றின் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"போதும்மா!" என்று கத்தினார். "இரும்புக்குப் போனா போகட்டும். நீ இறங்கு!"

"கட்டைய எடுங்க மாமா."

"சொன்னாக் கேளு!"

"வளைவுக்கு இன்னும் இடம் இருக்கு. எடுங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் சரிவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தான். "எடுங்கப்பா" என்றான்.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. பஸ்ஸை நன்றாக உருளவிட்டாள். சுவர் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. தச்சனின் கை அசைவதை விட்டுவிட்டு அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் கிளட்சை விட்டாள். ஒரு குலுக்கல், ஒரு கரும்புகை மேகம், அதற்குள்ளிருந்து தடதடவென்று என்ஜின் எழுந்தது. கிளட்சை மிதித்தாள், இருந்த கடைசிக் காற்றையும் பிரேக்கில் செலவழித்தாள். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவு இடம்.

கைப்பிரேக் போட்டு, காற்று ஊறும் வரை என்ஜினை உறுமவிட்டாள். பிறகு முதல் கியர்.

"ஏறுங்க! நிறுத்த மாட்டேன்! இங்க மறுபடி நின்னா உருட்ட இடமில்ல!"

தச்சன் ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டான். மாமனார் கட்டையை மார்போடு அணைத்தபடி பத்தடி ஓடினார். அதற்குமேல் வயிறு ஒத்துழைக்கவில்லை. பஸ் அவரைத் தாண்டி, மேல் வளைவில் திரும்பி மறைந்தது.

லாரிக்காரன் வந்து பக்கத்தில் நிறுத்தினான். "ஐயா, உச்சி வரைக்கும் வர்றீங்களா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டே. சும்மாதானே ஏத்திக்குவே?"

"மலையேறி வெறுங்கையோட திரும்பறேன், நீங்க சும்மா வேற வரணுமா?"

இருவரும் பேரம் பேசி, கோபித்து, விலகி நடந்து, திரும்ப வந்து ஒரு வழியாக முடித்தார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு லாரிக்காரன் மெல்லத் தொடங்கினான்.

"அந்தம்மா பிடிவாதக்காரங்கதான். ஆனா இன்னொரு மலை வந்தா என்ன பண்ணுவாங்க? மச்சான்கிட்ட இப்பவும் சொல்றேன், கேட்ட விலைக்கு மேல..."

"அது இரும்பு விலை" என்றார் மாமனார். "ஓடுற வண்டிக்கு உன் மச்சான்கிட்ட அவ்வளவு இருக்காது."

உச்சியில் சமதளம். பஸ் உறுமிக்கொண்டே நின்றது. அவள் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. முழங்கை வரை டீசல், நெற்றியில் கரி. தச்சன் தரையில் சிதறிக்கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மாமனார் ஏறிவந்து மூச்சு வாங்கினார்.

"ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமாம்மா?"

"என்ஜின அணைக்க மாட்டேன். கீழ இறங்கிக் குடிக்கலாம். அவருக்குக் காலைல வேலை. உக்காருங்க மாமா."

அவர் உட்கார்ந்து, முன்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் கியரைப் போட்டாள்.