பிடிபடாமல் போனவள்

தாய்லாந்துக்கு அப்பால் இணைய மோசடி முகாம் ஒன்றில் அடைபட்டுக் கிடந்து, உயிரோடு மலேசியாவின் கூலிமுக்குத் திரும்பிய குணசுந்தரியிடம் வந்தவர்கள் எல்லாரும் "ஏன் போனே?" என்றுதான் கேட்டார்கள். பதில் சொல்லியே அவளுக்கு நா வறண்டுவிட்டது. ரூபினி மட்டும் வேறு விதமாகக் கேட்டாள்.

"அக்கா, எல்லைய எப்படித் தாண்டினீங்க?"

ரூபினி எல்லைச் சோதனைச் சாவடி அதிகாரி. தன்மேல் வழக்கு வருமோ என்று குணசுந்தரி பயந்தாள்.

"பயப்படாதீங்க லா. எங்ககிட்ட மாட்டினது எல்லாம் பழைய வேன்ல, ஆம்பளைங்க கூட்டிட்டுப் போன பொண்ணுங்க. அதனால வேனையே துருவிப் பார்க்கிறோம். நல்லாத்தான் காவல் காக்கிறோம்னு எங்க பெரியவருக்கும் நிம்மதி. மாட்டாம போனவங்கள நாங்க பார்த்ததே இல்லையே அக்கா. நீங்க அப்படிப் போய்த் திரும்பி வந்தவங்க."

குணசுந்தரி மெல்ல வாய் திறந்தாள். வேன் இல்லை, புதுக் காடி, பளபளப்பான கார். முன்னால் ஓர் ஆணும் பெண்ணும். அந்த அம்மாவுக்கு நெற்றி நிறையக் குங்குமம். ஹோட்டல் வேலை என்றாள், வழியில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கிக் கொடுத்தாள், சாவடியில் "அக்கா மக" என்று சிரித்தாள்.

"என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அந்தம்மா பேருகூட எனக்குத் தெரியாது, ரூபினி."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. நெஞ்சில் அழுத்திய கல் இறங்கியது போலிருந்தது. "என்னைக் குத்தம் சொல்லாம கேட்டியே, நீ நல்லா இருப்பே" என்று ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோதனை முறையை மாற்ற வேண்டும் என்று ரூபினி சொன்னபோது மேலதிகாரி லோகேந்திரன் முதலில் ஒப்பவில்லை. "இவ்வளவு பேரைப் பிடிக்கிறோம், போதாதா?" என்றார். குணசுந்தரியே அலோர் ஸ்டார் அலுவலகத்துக்கு வந்து சொன்னதைக் கேட்டபின் மனம் மாறினார். பிறகு, எந்தக் காடியானாலும் யாரோடு வந்தாலும் இளம்பெண்ணைத் தனியே ஓரமாக அழைத்துப் பேசச் சொன்னார்.

சில வாரம் கழித்து, பெண்டாங் ஊரிலிருந்து ராக்காயி என்பவள், ரூபினியிடம் விசாரித்துக்கொண்டு, மகள் காஞ்சனாவோடு கூலிமுக்கு வந்தாள். "நல்ல காடிலதான் கூட்டிட்டுப் போனாங்க. சாவடில ஓரமா கூப்பிட்டு, கூட வர்ற அத்தை பேரு என்னன்னு கேட்டதும் இவ முழிச்சிருக்கா, அதுலயே அவங்க மாட்டிக்கிட்டாங்க. எம்புள்ள எனக்குக் கெடைச்சிட்டா, தாயி!" குணசுந்தரியின் காலைத் தொடப் போனவளைத் தூக்கி நிறுத்தினாள் அவள்.

மாலையில் ரூபினிக்குப் போன் செய்தாள்.

"ரொம்ப நன்றிம்மா."

"நாங்கதான் அக்கா சொல்லணும். ஆனா இன்னும் யார் யாரு எங்க கண்ணுல படாம போறாங்களோ."

"திரும்பி வந்தவங்க இன்னும் ரெண்டு பேர எனக்குத் தெரியும். பேசச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."