வெட்டிய நான்கு நிமிடம்

நாற்பது குடைகளையும் ஒடில் திருப்பி அனுப்பிய கதையைக் கேட்ட அன்றைக்கே சிவரூபினிக்கு அந்த மனுசியைப் பிடித்துப்போயிற்று. அரசனின் ஊர்வலத்துக்கென்று தைத்த குடைகள் அவை. சிங்கமும் பறவையும் ஒட்டித் தைத்து, கண்ணெடுக்க மனம் வராத வேலைப்பாடு. படப்பிடிப்புக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒடில் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, இந்தச் சின்னங்கள் இந்த அரசனின் மகனுடையவை, தகப்பன் தலைக்கு மேல் எப்படி வரும் என்று கேட்டாராம். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தயாரிப்பாளர் கெஞ்ச, “நான் கவனிச்சிட்டனே” என்றாராம். என்ன நெஞ்சழுத்தம், பாருங்கள்!

படம் டகோமி ராச்சியத்தைப் பற்றியது. மேற்கு ஆபிரிக்கா, இருநூறு வருடங்களுக்கு முந்திய காலம். ஒடில் அந்த மண்ணின் மகள், லண்டனில் சரித்திரப் பேராசிரியர், படத்துக்கு ஆலோசகர். சிவரூபினி படத்தொகுப்பாளர். தினமும் ஹரோவிலிருந்து ரயிலேறி வந்து, சோஹோவில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருந்து காட்சிகளை வெட்டி ஒட்டுவாள். இருவரும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ரூபினியின் காதில் விழுந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன், எனக்கும் அதுதான் வசதி.

படத்தில் நான்கு நிமிடக் காட்சி ஒன்று இருந்தது. கடற்கரையில் டகோமித் தளபதி ஒருவன், அயலூரில் பிடித்துவந்த சனத்தை ஐரோப்பிய வியாபாரிக்கு விற்கிறான். அந்தத் தளபதி ஒடிலின் பூட்டனுக்கும் பூட்டன். அந்தக் காட்சி வேண்டுமென்று அடம்பிடித்ததே ஒடில்தான்.

“எல்லாரும் கப்பலிலை இருந்துதான் கதையைத் தொடங்குகினம்,” என்றார் அவர். “கப்பலுக்கு முதல் ஒரு சந்தை இருந்தது. அங்கை விக்க நிண்டது எங்கடை ஆக்கள்.”

தயாரிப்பாளர் உடனே ஒப்பவில்லை. வம்சத்தின் மூத்தவர் ஒடிலின் தகப்பனார், எண்பத்துநாலு வயது, பாரிஸில் இருக்கிறார். அவர் சம்மதித்ததால்தான் குடும்பத்தின் பழைய மாளிகையில் படம் பிடிக்க விட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வந்து பார்ப்பார், அவர் வேண்டாமென்றால் காட்சி இல்லை என்று முடிவாயிற்று. காட்சி போனால் தன் பெயரையும் எடுத்துவிடும்படி ஒடில் சொல்லிவிட்டார். பதினொரு வருடம் தேடிச் சேர்த்த ஆதாரம் ஒரு பக்கம், பெற்ற தகப்பன் மறுபக்கம். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ரூபினி பெட்டியில் கட்டிக்கொண்டுவந்த இடியப்பத்தைக்கூட, அதுவரை கேட்டு வாங்கித் தின்றவர், தொடவில்லை.

ரூபினிக்கு மனம் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஒரு வேலை பார்த்தாள். தளபதியின் முகத்தை வெட்டி எடுத்தாள். அவன் கையை நீட்டுவதையும் வெட்டினாள். வியாபாரியையும், கப்பலையும், அழுகிற சனத்தையும் மட்டும் விட்டுவைத்தாள். நான்கு நிமிடம் ஒன்றரை நிமிடமாயிற்று. பார்க்கிறவனுக்கு வெள்ளைக்காரன் தானாகவே வந்து பிடித்துக்கொண்டு போனமாதிரித் தெரியும். தகப்பனாருக்குக் கோபம் வராது, ஒடிலுக்கும் காட்சி இருக்கிறது என்பது அவள் கணக்கு.

வீட்டில் கணவன் பிரவீணனிடம் சொன்னபோது அவனும் தலையாட்டினான்.

“நல்ல வேலை செய்தீர். எங்கடை குறையை நாங்கள் எங்களுக்குள்ளை கதைக்கலாம், வெளியாருக்கு முன்னாலை ஏன் அவிட்டுக் காட்டவேணும்?”

“அதைத்தான் நானும் நினைச்சனான்,” என்றாள் ரூபினி. பிறந்த நாள் முதல் இருவரும் கேட்டு வளர்ந்த பாடம் அது.

மறுநாள் காலையில் ஒடில் அதைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆருக்காக இதைச் செய்தனீ?”

“உங்களுக்காகத்தான்.”

“எங்களைக் காப்பாத்த வந்த ஆக்கள் போதாதெண்டு நீயும் வெளிக்கிட்டிட்டியா?” ஒடில் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “வித்தவன்ரை முகம் தெரியாட்டி, விக்கப்பட்ட சனம் ஆரைக் கேக்கிறது, சொல்லு?”

ரூபினிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படியொரு மனுசிக்குப் போய் நான் பொய் வேலை பார்த்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு, மதியம் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் நான்கு நிமிடத்தையும் பழையபடி சேர்த்தாள். தளபதியின் முகம் மட்டும் முன்னைவிட இரண்டு வினாடி கூடுதலாக நின்றது.

பின்னேரம் தகப்பனார் வந்தார். ஒடிசலான மனிதர், தேய்த்த வெள்ளை அங்கி, கையில் தடி. விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். அந்தக் காட்சி வந்ததும் தயாரிப்பாளர் நிலத்தைப் பார்த்தார். ஒடில் தகப்பனைப் பார்த்தார். கிழவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்தது. விளக்குப் போட்டார்கள்.

“பிழை,” என்றார் பெரியவர்.

ஒடில் கண்ணை மூடிக்கொண்டார்.

“அவர் நிண்டுகொண்டு விக்கேல்லை. நாற்காலியிலை இருந்துதான் வித்தவர். என்ரை அப்பப்பா எனக்குச் சொன்னவர். அந்த நாற்காலி இப்பவும் எங்கடை வீட்டிலை இருக்கு. கொண்டாட்டத்துக்கு அதிலை இருக்கிறது நான்தான்.” தடியை ஒருமுறை நிலத்தில் ஊன்றினார். “அதை அனுப்பிவிடுறன். காட்சியைத் திருப்பி எடுங்கோ. இவ்வளவு சரியாச் செய்துபோட்டு இதை மட்டும் பிழையா விடக்கூடாது.”

ஒடில் எழுந்துபோய்த் தகப்பனின் தோளில் முகத்தை வைத்து, ஐம்பது வயதுப் பேராசிரியர் என்பதையெல்லாம் மறந்து, விம்மி விம்மி அழுதார். குடைகளைத் திருப்பி அனுப்பும் துணிவு எங்கிருந்து வந்ததென்று ரூபினிக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் கண் நிறைந்தது. இந்த இரண்டு பேரையும் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீயோ இதை வெட்டி ஒட்டினது?”

“ஓம். ஆனா நேற்று உங்கடை ஆளின்ரை முகத்தை வெட்டிப்போட்டன்.”

“ஏன்? அவர் உன்ரை வம்சம் இல்லையே.”

ரூபினி பதில் சொல்லாமல் தப்பியிருக்கலாம். தப்பப் பழகிய ஆள்தான். ஆனால் அந்த அறையில் அன்று அது முடியவில்லை.

“யாழ்ப்பாணத்திலை எங்கடை வீட்டிலை ஒரு தையல் மெசின் இருக்கு,” என்றாள். “தொண்ணூறிலை எங்கடை இயக்கப் பெடியள் அங்கத்தைய முஸ்லிம் சனம் முழுப்பேரையும் ரெண்டு மணித்தியாலத்திலை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னவை. எனக்கு எட்டு வயது. நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பக்கத்து வீட்டு றஹீமா மாமி மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து, திரும்பி வந்து எடுக்கிறன் எண்டு அம்மாட்டைக் குடுத்திட்டுப் போனவ.”

“வந்தவவோ?” என்று கேட்டார் ஒடில்.

“பதின்மூண்டு வருசம் கழிச்சு வந்தவ. அம்மா தேத்தண்ணி குடுத்தவ. மெசின் பக்கத்து அறையிலை, போர்வையாலை மூடிக் கிடந்தது. நானும் அங்கைதான் நிண்டனான். அவவும் கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை.”

“இப்ப எங்கை அது?”

“அங்கைதான். அம்மா இன்னும் அதிலைதான் தைக்கிறா.”