பட்டை போடாத படம்

சங்ககிரியில் இருபது வருஷமாகக் காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கு, நாற்பத்தெட்டு வயதில் தோல் நோய் படிக்கும் ஆசை வந்தது. டெலிகிராமில் 'தோல் வகுப்பு' என்று ஒரு குழு இருக்கிறது. என்னைப் போன்ற பொது மருத்துவர்கள் நோயாளியின் படத்தைப் போட்டால் நிபுணர்கள் விளக்குவார்கள். நடத்துபவர் டாக்டர் குருமூர்த்தி. நேரில் பார்த்ததில்லை, ஆனால் கேள்வி கேட்டே காதைத் திருகிவிடுவார். அந்தப் பயத்தில் ஆறு மாதமாக நான் அங்கே கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதோடு சரி.

அப்போதுதான் சின்னண்ணன் வந்தார். அறுபத்திரண்டு வயது, எட்டு ஏக்கர் விவசாயி. நெற்றியும் காதோரமும் சிவந்து நீர் கசிந்தது. இமைகள் வீங்கியிருந்தன. மகன் கௌசிக்கின் கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள்தான் பாக்கி.

"மண்டப வாசல்ல நின்னு நாந்தானுங்க எல்லாரையும் கும்புடோணும். இந்த மூஞ்சியப் பாத்தா வாரவங்க அப்படியே திரும்பிப் போயிருவாங்க" என்றார்.

கருகருவென்றிருந்த தலையையும் மீசையையும் பார்த்து முதல் நாளே கேட்டேன். "டை அடிக்கிறீங்களா?"

"எங்க வம்சத்துக்கே நரைக்காதுங்க டாக்டரம்மா."

"ஆமாங்க, எங்க மாமனாருக்குக் கடைசி வரைக்கும் கறுப்புத்தானுங்க" என்றார் அவர் மனைவி காளியாத்தாள். மாமனாரையே சாட்சிக்கு இழுத்த பிறகு நான் என்ன சொல்ல? களிம்பு எழுதிக் கொடுத்தேன். நாலே நாளில் வீக்கம் இரண்டு மடங்காகித் திரும்பி வந்தார்.

வேறு வழியில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டு, படம் எடுத்து, அடையாளம் தெரியாமலிருக்கக் கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டுக் குழுவில் போட்டேன். "பட்டைக்கு அடியில்தானே இமை இருக்கிறது, டாக்டர்? எதைப் பார்த்துச் சொல்ல?" என்று குருமூர்த்தி கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்தப் படத்தைச் சின்னண்ணனிடம் காட்டியது அடுத்த தப்பு.

"பேப்பர்ல இப்படிப் பட்டை போட்டு வந்தா என்ன காரியம் பண்ணுனவன்னு ஊருக்கே தெரியுங்க. நான் யாரு சங்கிலிய அறுத்தேன்?"

"உங்க நல்லதுக்குத்தாங்க. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதில்ல?"

"தெரியட்டுமுங்க. மறைக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. போட்டா முழுப் படமாப் போடுங்க, இல்லைன்னா உட்டுருங்க."

மறுநாள், கௌசிக் தன் அப்பாவை வீட்டில் வைத்து எடுத்த படம் வந்தது. சலவைச் சட்டை, தோளில் கரைத் துண்டு, நாற்காலியின் இரண்டு கையிலும் கை. கூடவே ஒரு கடிதம். முகத்தை மறைக்காமல் டாக்டர்களுக்குக் காட்டலாம் என்று தகப்பனார் பெயர், குலம், சர்வே எண் வரைக்கும் குறிப்பிட்டுச் சின்னண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். பெயரை மட்டும் விட்டுவிட்டுப் படத்தைக் குழுவில் ஏற்றினேன்.

பத்து நிமிஷத்தில் என் படம் எனக்கே திரும்பி வந்தது. குருமூர்த்தி சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். வட்டம் முகத்தில் இல்லை, பின்னாலிருந்த ஜன்னல் திட்டில் இருந்தது. அங்கே ஒரு கொட்டாங்குச்சி. அதில் கறுப்பாக ஏதோ குழம்பு, நட்டுக்குத்தலாக ஒரு பழைய டூத் பிரஷ்.

"நோய்க்குக் காரணம் ஜன்னலில் இருக்கிறது, டாக்டர்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். முழுப் படத்தையும் நான் பார்க்கவே இல்லையே என்று வெட்கமாகப் போயிற்று.

இருவரையும் வரச் சொல்லி வட்டத்தைக் காட்டினேன். சின்னண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். காளியாத்தாள்தான் வாயைத் திறந்தார்.

"நாந்தானுங்க பூசி உடறேன். மாசத்துக்கு ஒருக்கா பூசுவோம். கல்யாணம் வருதேன்னு இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவ."

"அதுதாங்க ஒத்துக்கல. இன்னையோட நிறுத்தினா, மாத்திரையும் சாப்பிட்டா, கல்யாணத்துக்குள்ள முகம் சரியாயிடும்."

"தலைங்க?"

"வெளுத்துத்தான் வரும்."

சின்னண்ணன் மெதுவாகச் சொன்னார். "சம்பந்தி என்னைய விட மூணு வயசு மூப்புங்க. அவருக்கு நெசமாவே கறுப்பு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். மாத்திரையா கொட்டாங்குச்சியா, எது ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். வாசலில் சின்னண்ணன் கும்பிட்டபடி நின்றார். முகம் பளிச்சென்று இருந்தது. தலையில் மொட்டை, மேலே சந்தனம். மீசையும் இல்லை.

"மகன் கல்யாணத்துக்காகப் பழனிக்கு வேண்டிக்கிட்டாராமா. அந்த மனசு யாருக்கு வரும்" என்று எனக்கு முன்னால் போன பெரியவர் உருகினார். சின்னண்ணன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

காளியாத்தாள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "மீசைய எடுத்தப்பறம் ரெண்டு நாளா எனக்குப் பேச்சே வரலீங்க. எந்த மூஞ்சியக் கட்டிக்கிட்டு வந்தேனோ, அது அடியிலயே இருந்திருக்குதுங்க." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குணமான முகத்தின் படம் எங்கே என்று குருமூர்த்தி காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார். என் முதல் கேஸ், விட மனசில்லை. சுற்றிலும் ஆளாளுக்குச் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து முகம் காட்டினார். நான் போனைத் தூக்கியபோது மட்டும் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"டாக்டரம்மா, உங்க போனு மட்டும் வேண்டாமுங்க. அதுல பாக்கறவங்களுக்கு வெவரம் தெரியும்."