அலறலுக்குப் பழகிய தெரு

வீட்டை விற்றவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் கேளிக்கைப் பூங்கா. குடும்பத்தோட வாழ இதைவிட வேற என்ன சார் வேணும்?" என்றார். காதுக்குக் கொஞ்சம் நிம்மதி வேண்டும் என்பது அதை வாங்கிய மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குடிவந்த பிறகுதான் உறைத்தது.

பூங்காவின் ரோலர் கோஸ்டர் தலைகுப்புற இறங்கும் போதெல்லாம் ஒரு கூட்டமே 'ஐயோ' என்று அலறும். ஆரம்பத்தில் ஒவ்வொரு அலறலுக்கும் வாசலுக்கு ஓடினார். தெருவில் வேறு யாரும் ஓடவில்லை என்று கண்டதும் ஓடுவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியின் அண்ணன் வீடு பார்க்க வந்தார். பார்க்க என்றால், குறை பார்க்க.

"என்ன மாப்ளே, ஹால் இவ்வளவுதானா? மீதிய வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

"பின்பக்கம் வாங்க மச்சான். காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்று கதவைத் திறந்தார் கண்ணாடிக் கடைக்காரர்.

காற்று வந்தது. கூடவே ஒரு காட்டுப்பன்றியும் வந்தது.

அது யாரையும் விசாரிக்காமல் சமையலறைக்குள் புகுந்து காய்கறிக் கூடையைக் கவிழ்த்தது. மனைவி நாற்காலியில் ஏறினாள். மச்சான் ஒரே தாவலில் சாப்பாட்டு மேஜை மேல் நின்றார். அந்த உடம்பில் அத்தனை துள்ளல் இருந்தது அவருக்கே புதுச்செய்தி. "காப்பாத்துங்க!" என்று மூவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பக்கத்து வீட்டு டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது ஜன்னலில் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பூங்காவின் பக்கம் பார்த்துப் புன்னகைத்துவிட்டு அடுத்த துணியை உதறினார்.

பன்றி உருளைக்கிழங்கைத் தீர்த்துவிட்டு, வெங்காயத்தை முகர்ந்து வேண்டாமென்று வந்த வழியே போனது. மச்சானைவிடக் குறைவாகத்தான் குறை சொன்னது.

"நீங்களா கத்துனீங்க?" என்றார், பன்றி போவதைப் பார்த்து ஜன்னலுக்கு வந்த டீச்சர். "யாரோ நல்லா என்ஜாய் பண்றாங்கன்னு நெனச்சேன்."

இனி மச்சான் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று கடைக்காரருக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. மச்சானோ மேஜையிலிருந்து கண்கள் பளபளக்க இறங்கினார்.

"எங்க தெருவுல ஒரு மண்ணும் நடக்காது மாப்ளே. இங்க வீடு ஏதாச்சும் காலியா இருக்கா?"

இல்லை என்று சொல்ல கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "எதிர்வீடே காலிதான்ணா!"

அடுத்த மாதமே மச்சான் குடிவந்துவிட்டார். இப்போது பன்றி வராமலிருக்க வேலி போட்டிருக்கிறார் கடைக்காரர். மச்சானுக்கு வேலி போட முடியாதே; அவர் வந்தால் காப்பி போடுகிறார்.